பாலைவனத்தில் குளிர்காலம்: ஓய்வுபெற்ற இருவருக்கு ஓர் ஆர்.வி. வழிகாட்டி

குளிர்காலத்தை ஆர்.வி.யில், அதாவது படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள வண்டிவீட்டில், கழிக்க ஆசைப்படும் தம்பதிகள் என்னிடம் முதலில் கேட்பது "எந்த வண்டி வாங்கலாம்?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பது, "உங்களில் யார் ஓட்டுவீர்கள்?" பெரும்பாலும் கணவர்தான் "நான்" என்பார். அப்படியானால் வண்டி பார்க்கப் போகும்முன் அந்த அம்மாவும் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடுவேன். அறுபதைத் தாண்டிய இரண்டு பேர், ஆஸ்பத்திரிக்கு முப்பது நாற்பது மைல் தள்ளி, முகவரியே இல்லாத ஒரு கல்தரையில் வாரக்கணக்கில் தங்கப் போகிறீர்கள். அங்கே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை என்று எதுவும் இருக்கக் கூடாது. கீழே நான் சொல்லும் எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து படியுங்கள்.

நான் அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில் ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக இருந்து ஓய்வுபெற்றவள். என் கணவர் இயந்திரப் பொறியாளர். நவம்பர் நடுவில் கிளம்பி, அரிசோனாவிலும் தென்கிழக்குக் கலிபோர்னியாவிலும் இருந்துவிட்டு, வசந்தத்தில் வீடு திரும்புவது எங்கள் வழக்கம். எங்களுடையது 24 அடி கிளாஸ் சி வண்டி, அதாவது வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டிய வகை. வண்டி வகையைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இரண்டு பேருக்கு 25 அடிக்குள் இருந்தால் பழைய தேசியப் பூங்கா முகாம்களில் இடம் கிடைப்பது எளிது, பெட்ரோல் பங்க்கில் திருப்புவதும் எளிது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பழைய வண்டி வாங்கினால் டயர் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்.வி. டயர் தேய்ந்து போவதைவிட வயதாகிக் கெட்டுப்போவதுதான் அதிகம். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள்.

எங்கே போவது: உயரத்தைப் பாருங்கள்

பாலைவனம் என்றாலே வெப்பம் என்று நினைத்துக்கொண்டு டிசம்பரில் வந்து நடுங்குகிறவர்கள் நிறைய. குளிர்காலத்தில் இங்கே வெப்பநிலையைத் தீர்மானிப்பது உயரம். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 முதல் 5 டிகிரி ஃபாரன்ஹீட் குறையும். யூமா கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 அடி. குவார்ட்ஸைட் 900 அடிக்குச் சற்றுக் குறைவு. டூசான் சுமார் 2,400 அடி. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 7,000 அடி, அங்கே பனி கொட்டும். நான்கும் ஒரே மாநிலம்தான். டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக் முகாம் கடல்மட்டத்துக்கும் கீழே, 190 அடி ஆழத்தில் இருக்கிறது. 1913 ஜூலையில் 134 டிகிரி பதிவான அதே இடம், ஜனவரிப் பகலில் ஸ்வெட்டர் போட்டு நடக்க இதமாக இருக்கும்.

அதனால் டிசம்பரும் ஜனவரியும் தாழ்ந்த இடங்களில்: யூமா, குவார்ட்ஸைட், பொரேகோ ஸ்பிரிங்ஸ். பிப்ரவரிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம்: ஆர்கன் பைப் காக்டஸ் தேசிய நினைவுப் பூங்கா, டூசான் பக்கத்து சகுவாரோ கள்ளிக் காடுகள். குளிர்காலத்தில் மழை நன்றாகப் பெய்த வருடங்களில் ஆன்சா-பொரேகோ மாநிலப் பூங்காவில் பிப்ரவரி கடைசி, மார்ச்சில் பாலைவனம் முழுக்கப் பூக்கும். மழை இல்லாத வருடம் பூவும் இல்லை. ஆகையால் பூவுக்காக மட்டும் தேதி குறித்து வைக்காதீர்கள்.

ஒரு குளிர்காலத்தில் மூன்று நான்கு இடங்கள் போதும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு நாளுக்கு ஓரிடம் என்று ஓடினால், கட்டுவதும் அவிழ்ப்பதும் சமன்செய்வதுமாகவே பொழுது போகும், முதுகும் போகும். ஓரிடத்தில் இரண்டு வாரமாவது இருந்தால்தான் காலை வெளிச்சம் எந்த மலையில் முதலில் விழுகிறது, காடைக் கூட்டம் எப்போது வருகிறது என்பதெல்லாம் தெரியவரும். அதற்காகத்தானே வருகிறோம்.

தங்குவதற்கான அனுமதியும் பணமும்

இங்குள்ள பாலைவனத்தில் பெரும்பகுதி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை, அதாவது பி.எல்.எம்., வசம் இருக்கிறது. பொதுவாக அந்த நிலத்தில் 28 நாளுக்குள் 14 நாள் இலவசமாகத் தங்கலாம். அப்புறம் வேறிடம் போக வேண்டும். அதைவிட நீண்டநாள் இருக்க, கொலராடோ ஆற்றை ஒட்டிய சில இடங்களை நெடுநாள் தங்குமிடங்களாக ஒதுக்கியிருக்கிறார்கள். குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே லா போசா, யூமாவுக்கு வடக்கே இம்பீரியல் டேம் ஆகியவை முக்கியமானவை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் சீசன். நெடுங்காலமாக முழு சீசனுக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று வாங்கிவந்தார்கள். கிளம்பும்முன் அந்த வருடத்துக் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சார இணைப்பு கிடையாது. லா போசாவில் குடிநீர் நிரப்பும் இடம், கழிவு இறக்கும் டம்ப் ஸ்டேஷன், குப்பைத் தொட்டி உண்டு. முதன்முறை வருகிறவர்களுக்கு அதுதான் சரியான இடம். தனிமையும் இருக்கும், கூப்பிடு தூரத்தில் ஆளும் இருப்பார்கள்.

62 வயது ஆனவர்கள், குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால், தேசியப் பூங்காக்களுக்கான மூத்தோர் பாஸ் வாங்கிவிடுங்கள். வருடத்துக்கு 20 டாலர், ஆயுளுக்கு 80 டாலர். நுழைவுக் கட்டணம் இல்லை, பல மத்திய அரசு முகாம்களில் வாடகையும் பாதி. நெடுநாள் தங்குமிடங்களின் கட்டணத்தில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

ஜனவரிப் பிற்பாதியில் குவார்ட்ஸைட்டில் பெரிய ஆர்.வி. கண்காட்சி நடக்கும். அந்தச் சமயம் சின்ன ஊர் திமிலோகப்படும். கூட்டம் பிடிக்காதென்றால் அந்த வாரங்களில் பொரேகோ பக்கம் நகர்ந்துவிடுங்கள். ஊரின் கல்லறைத் தோட்டத்தை மட்டும் பார்க்காமல் போகாதீர்கள். 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனப் போக்குவரத்துக்கு ஒட்டகங்களைக் கொண்டுவந்தபோது உடன் வந்த ஹாஜி அலி, 1902-இல் இங்கேதான் இறந்தார். கல்லால் கட்டிய சிறு பிரமிடு, உச்சியில் உலோக ஒட்டகம். கடல் கடந்து வந்து இந்த மண்ணிலேயே தங்கிவிட்ட ஒருவரின் சமாதி முன்னால் நிற்கும்போது, நம்மைப் போன்றவர்களுக்கு மனது கொஞ்சம் கனக்கும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது வாஷ் எனப்படும் வறண்ட ஓடைப்படுகையில் வண்டியை நிறுத்தாதீர்கள். பாலோ வெர்டே, அயர்ன்வுட் மரங்கள் அதன் கரையோரம்தான் வரிசையாக நிற்கும், நிழல் கூப்பிடும். ஆனால் நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே, எங்கோ மலையில் பெய்த மழை அந்த வழியாகத்தான் இறங்கும். பொடிக்கல் இறுகிக் கிடக்கும் மேட்டுநிலம் பாருங்கள். வண்டியின் மூக்கு காற்று அதிகம் வரும் திசையைப் பார்த்திருக்கட்டும். வெயில் மறைப்புத் துணியை, அரைமணி நேரம் வெளியே போவதானாலும் சுருட்டிவிட்டுப் போங்கள்.

தண்ணீர்

பாலைவனத்தில் எத்தனை நாள் நகராமல் இருக்கலாம் என்பதைத் தொட்டிகள்தான் முடிவுசெய்யும். வண்டியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், கிரே டேங்க் எனப்படும் குளியல்-பாத்திரக் கழிவுநீர், பிளாக் டேங்க் எனப்படும் கழிவறைத் தொட்டி. எங்களுடைய நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன். வீட்டில் இருப்பதுபோல் குழாயைத் திறந்துவிட்டால் இரண்டே நாளில் காலி. ஆளுக்குத் தினம் இரண்டு கேலன் என்று பழகிக்கொண்டால் பத்து நாள் வரும். அதே தண்ணீர்தான் கிரே டேங்க்கில் போய்ச் சேருகிறது, அதனால் அது நிரம்புவதையும் கவனிக்க வேண்டும். கிரே தண்ணீர்தானே என்று மண்ணில் திறந்துவிடாதீர்கள். நெடுநாள் தங்குமிடங்களில் அதற்குத் தடை உண்டு.

நம் சமையல் தண்ணீரைக் குடிக்கும் சமையல். அதை மாற்றிக்கொள்ள முடியும். குக்கரில் அடுக்கு வைத்து அரிசி, பருப்பு, காய் மூன்றையும் ஒரே தடவையில் வேகவைத்துவிடுங்கள். கேஸும் மிச்சம், கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு. சாப்பிட்ட தட்டை முதலில் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டால், கழுவ ஒரு டம்ளர் தண்ணீர் போதும். எண்ணெய்ப் பிசுக்கும் கிரே டேங்க்கில் சேராது. அரிசி களைந்த தண்ணீரை ஒரு வாளியில் சேர்த்து வைத்துக் கழிவறைக்கு ஊற்றுங்கள். குளிப்பதற்குச் சூடான தண்ணீர் வரும்வரை வீணாகும் முதல் அரை கேலனைப் பிடித்து வைத்தால், அதுவே அடுத்த நாள் பாத்திரத்துக்கு ஆகும்.

இட்லி மாவு பற்றி எல்லாரும் கேட்பார்கள். ராத்திரிக் குளிரில் புளிக்காது. காலையில் அரைத்து, மூடிய பாத்திரத்தை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிடுங்கள். கண்ணாடி வழியே வெயில் விழுந்து முன்பகுதி கதகதப்பாகிவிடும். சாயங்காலத்துக்குள் பொங்கியிருக்கும். கறிவேப்பிலையை மட்டும் பச்சையாகக் கொண்டுபோகாதீர்கள், செடியாகவும் வேண்டாம். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையில் வாழும். அரிசோனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குள் நுழைந்ததும் பிளைத்தில் வேளாண் சோதனைச் சாவடி இருக்கிறது, அங்கே கேட்பார்கள். வீட்டிலேயே கறிவேப்பிலைப் பொடி இடித்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

டம்ப் ஸ்டேஷனில் வரிசை மாறக் கூடாது: முதலில் பிளாக், பிறகு கிரே. இரண்டாவதாக வரும் சோப்புத்தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். கையுறை கட்டாயம். குடிநீர்க் குழாயையும் கழிவுப் பொருள்களையும் வெவ்வேறு பெட்டியில் வையுங்கள். இணைப்பு உள்ள முகாமில் நின்றாலும் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே விடாதீர்கள். நீர் மட்டும் ஓடிப்போய்த் திடக்கழிவு அடியில் இறுகிவிடும். நானும் இவரும் இந்த வேலையை முறைவைத்துச் செய்கிறோம். பெண்கள் இதிலிருந்து ஒதுங்கினால், கணவருக்கு முழங்கால் வீங்கிய ஒரு வாரத்தில் பயணமே நின்றுவிடும்.

ராத்திரியும் மின்சாரமும்

பகலில் 65, 70 டிகிரி இருந்தாலும், சூரியன் மறைந்ததும் சரசரவென்று இறங்கி, சில ராத்திரிகள் உறைநிலையைத் தொடும். காற்றில் ஈரம் இல்லாததால் மண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. வண்டியிலுள்ள புரொப்பேன் ஹீட்டர் மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்ப அளவு) வகை என்றால், ஒரு கேலன் புரொப்பேன் தொடர்ந்து ஓடினால் மூன்று மணி நேரம்தான். 20 பவுண்டு சிலிண்டரில் ஐந்து கேலனுக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். அதனால் படுக்கப்போகும்போது ஹீட்டரை 55 டிகிரிக்குக் குறைத்துவிட்டு, கனத்த ரஜாயைப் போர்த்திக்கொள்ளுங்கள். தனியாக வாங்கும் சிறு கேஸ் ஹீட்டர் வைத்திருந்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைக்க வேண்டும், தூங்கும்போது அணைத்துவிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு கருவிக்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி போட்டிருக்கும். தேதி முடிந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

சோலார் கணக்கைக் கோடையை வைத்துப் போடாதீர்கள். டிசம்பர் கடைசியில் குவார்ட்ஸைட்டில் நண்பகல் சூரியனே அடிவானத்திலிருந்து 33 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரைமேல் படுத்திருக்கும் பேனலுக்கு அந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். தெற்குப் பக்கம் சாய்த்து நிறுத்தினால் பெரிய வித்தியாசம் தெரியும். கூரையில் ஏற வேண்டாம், அந்த வயது தாண்டிவிட்டது. தரையில் நிறுத்தும் மடக்குப் பேனல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரி தானே நிறுத்திக்கொள்ளும், இருந்தாலும் அதை வண்டியின் உள்ளே வைப்பது நல்லது.

தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு சிபாப் என்னும் காற்றழுத்தக் கருவி போடுகிறவர்கள் பலர், இவரும் ஒருவர். அதற்கான 12 வோல்ட் நேரடி ஒயரை வாங்கி, ஈரப்பதம் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால், மின்செலவு பெருமளவு குறைந்துவிடும். மூக்கு காய்ந்தால் உப்புநீர் ஸ்ப்ரே போதும்.

உடம்பு

இது என் தொழில், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வயதாக ஆகத் தாகம் குறையும். இங்கே வியர்வை தோலில் தெரியாமலே காய்ந்துவிடும். இரண்டும் சேர்ந்தால், நீர் வற்றிப்போனது தலை சுற்றி விழும்போதுதான் தெரியும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள், எவ்வளவு குடிக்க வேண்டும், அழுத்தம் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் மாத்திரையை என்ன செய்வது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அழுத்தம் பார்க்கும் கருவி வண்டியில் இருக்கட்டும். தண்ணீரைச் சிக்கனப்படுத்தச் சொன்னேனே, அது கழுவுவதில்தான். குடிப்பதில் ஒருநாளும் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்கள் குளிர்சாதனப் பெட்டியின் பின்சுவரில் ஒட்டினாற்போல் அதை வைக்காதீர்கள். குளிர் ராத்திரிகளில் ஆர்.வி. பெட்டியின் உட்பகுதி உறைந்துபோவது சகஜம். ஒருமுறை உறைந்த இன்சுலினை உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது, பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான். கதவுப் பக்கத்தில், ஒரு தெர்மாமீட்டரோடு வையுங்கள்.

மூத்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான அசல் மெடிகேர் வைத்திருப்பவர்கள் நாட்டில் எங்கே மெடிகேர் ஏற்கும் டாக்டரிடமும் போகலாம். மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும் எச்.எம்.ஓ. வகை அட்வான்டேஜ் திட்டமென்றால் அவசர சிகிச்சை எங்கும் செல்லும், சாதாரண வைத்தியம் பெரும்பாலும் ஊரிலுள்ள வலையமைப்புக்குள்தான். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றும் காலத்தில் இதை யோசித்துக்கொள்ளுங்கள். பல்லுக்கு மெடிகேர் கைகொடுக்காததால் யூமாவிலிருந்து எல்லை தாண்டி மெக்சிகோவின் லோஸ் அல்கோடோனஸுக்கு நடந்துபோய்ப் பல் பார்த்துக்கொள்கிறவர்கள் ஏராளம். பாஸ்போர்ட் வேண்டும், கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்த அட்டையும் சேர்த்து வேண்டும். எல்லை தாண்டாவிட்டாலும் இந்தப் பக்கத்து நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் இருப்பதால், கிரீன் கார்டு எப்போதும் கையில் இருக்கட்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

அரிசோனா மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது. தூசியோடு மூச்சில் போனால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இருமல், காய்ச்சல், தாளாத அசதி. வடக்கே திரும்பியபின் வந்தால் அங்குள்ள டாக்டருக்கு இது தோன்றாமல் போகலாம். "அரிசோனாவில் இருந்துவிட்டு வந்தேன்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

குவார்ட்ஸைட்டிலிருந்து பார்க்கர் ஆஸ்பத்திரி 35 மைல், யூமா 80 மைல். அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிட்டால் "எங்கே இருக்கிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு இடத்தில் வண்டியை நிறுத்தியதும் நாங்கள் செய்யும் முதல் வேலை, ஜி.பி.எஸ். அட்சரேகை, தீர்க்கரேகையைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. அதன் கீழே இருவருடைய மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, பிள்ளைகளின் தொலைபேசி எண். செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் இணைப்போ அவசரக் கருவியோ இல்லாமல் ஒரு ராத்திரிகூட நான் தங்க மாட்டேன்.

வழியில்

புழுதிப் புயல் வந்து எதிரே பாதை மறைந்தால், சாலையை விட்டு முழுக்க ஒதுங்கி நிறுத்துங்கள். எல்லா விளக்கையும் அணையுங்கள், கை பிரேக் போட்டுவிட்டுக் காலைப் பிரேக்கிலிருந்து எடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவர் அதைச் சாலை என்று நம்பி உங்கள் மேலேயே வந்து மோதுவார். அரிசோனா போக்குவரத்துத் துறை சொல்லித்தரும் முறை இது. இதை மட்டும் இருவரும் வாயால் சொல்லிப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

நிறுத்திய வண்டிக்கு எதிரி பேக்ராட் என்னும் எலி. எஞ்சின் சூட்டுக்கு ஏறி ஒயரைக் கடித்துவிடும். ராத்திரி பானெட்டைத் திறந்துவைத்து, அடியில் சிறு விளக்கு போட்டுவிடுங்கள். இருட்டு இல்லாத இடத்தில் கூடு கட்ட அதற்கு விருப்பமில்லை. நடக்கப்போகும்போது சட்டைப்பையில் ஒரு பல் சீப்பு இருக்கட்டும். சோயா (cholla) என்னும் கள்ளியின் முள்ளுருண்டை லேசாகப் பட்டாலே ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பை அடியில் கொடுத்து வெடுக்கென்று எறிய வேண்டும். குளிர் மாதங்களில் பாம்பு அநேகமாக வளைக்குள்தான் இருக்கும். பிப்ரவரியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள்.

வருவதும் போவதும்தான் இந்தப் பயணத்தில் கடினமான பகுதி. வடக்கேயிருந்து இறங்கும்போது வண்டியின் குழாய்களில் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் திரவம் இருக்கட்டும். ராத்திரி உறையாத அட்சரேகைக்கு வந்த பிறகு அலசிவிட்டுத் தண்ணீர் நிரப்புங்கள். அதுவரை பாட்டில் தண்ணீர். திரும்பும்போது அதே வேலை தலைகீழாக. வீட்டில் தண்ணீர் மெயின் வால்வை மூடி, தபாலைத் தற்காலிகமாகப் பிள்ளைகள் முகவரிக்குத் திருப்பிவிட்டு வாருங்கள்.

மார்ச் கடைசியில் பகல் 85-ஐத் தாண்டும்போது கிளம்பலாம் என்று தோன்றும். ஆனால் வடக்கே அப்போதும் குளிர்காலம்தான். ஐ-40 நெடுஞ்சாலை ஃபிளாக்ஸ்டாஃப் வழியாக 7,000 அடிக்கு ஏறுகிறது. தூரம் கொஞ்சம் கூடினாலும் ஐ-10 பிடித்து நியூ மெக்சிகோ, டெக்சாஸ் வரை கிழக்கே போய், பிறகு வடக்கே திரும்புவது பாதுகாப்பானது. ஒருநாளைக்கு 250 மைலுக்கு மேல் ஓட்டாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாறுங்கள். காற்று 40 மைல் வேகத்தில் குறுக்கே வீசும் என்று வானிலை சொன்னால், அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருந்த இடத்திலேயே இன்னொரு நாள் தங்கிவிடுங்கள்.